நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நூலக அறிவியல் பட்டம்: படித்தவர்கள், படிப்பவர்கள் சொல்லுங்கள்

நூலடுக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொது நூலகம் ஒன்றில் நூல் வழங்கும் மேசையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். புத்தகம் கொடுப்பது, திரும்ப வாங்குவது, உறுப்பினர் சேர்ப்பது, வந்ததை அடுக்கில் வைப்பது. இதுதான் என் நாள். வேறு பாடத்தில் ஒரு பட்டம் கையில் இருக்கிறது. இப்போது நூலக அறிவியலில் சேர நினைக்கிறேன். வேலையை விட முடியாது. மாலை வகுப்பு, இல்லையென்றால் தொலைநிலைக் கல்வி, இந்த இரண்டில் ஒன்றுதான் எனக்கு வழி.

கூட வேலை செய்பவர் ஒருவர், "தினமும் செய்யற வேலையத்தானே புத்தகத்துல படிக்கப் போறீங்க, அதுல புதுசா என்ன இருக்கு?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே புதிதாக ஏதாவது கிடைக்குமா? வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு படிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படித்தவர்களுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் கடைசியில் வித்தியாசம் தெரிகிறதா? இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இதிலேயே மேலே போக வேண்டும், நூல் தேர்வும் நோக்கீட்டுப் பணியும் (வாசகர் கேட்கும் தகவலைத் தேடித் தருவது) செய்ய வேண்டும் என்பதுதான் ஆசை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மாலைவகுப்பு எழுதியது:

வாழ்த்துகள். நான் சமீபத்தில்தான் முடித்தேன். வேலையும் படிப்பும் சேர்ந்தேதான் போனது.

உங்கள் சக ஊழியர் கேட்டதற்கு ஒரு உதாரணத்தைப் பதிலாகச் சொல்கிறேன். எங்கள் நூலகத்தில் குறிப்பிட்ட ஒரு புத்தகத்தைத் தேடி வருபவர்களில் பாதிப் பேர் "கணினியில் இல்லை" என்று திரும்பி வருவார்கள். புத்தகமோ அடுக்கில் இருக்கும். நான் எழுந்து போய் எடுத்துக் கொடுப்பேன். ஏன் இப்படி என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. பட்டியலாக்க வகுப்பில் மார்க் பதிவின் (நூல் விவரங்களைக் கணினியில் எழுதி வைக்கும் வடிவம்) எண்ணிட்ட பகுதிகளான புலங்களை நடத்தும்போது 245 தலைப்புக்கு, 246 தலைப்பின் வேறு வடிவங்களுக்கு என்றார்கள். மறுநாள் அந்தப் புத்தகத்தின் பதிவைத் திறந்து பார்த்தேன். உள்பக்கத்தில் நீளமான தலைப்பு, அட்டையில் வேறு மாதிரி சுருக்கிய தலைப்பு. பதிவில் உள்பக்கத் தலைப்பு மட்டுமே இருந்தது, 246 காலி. வாசகர்கள் அட்டையைப் பார்த்துவிட்டு வந்து தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. பட்டியலாளரிடம் சொன்னதும் சேர்த்துவிட்டார்.

அந்த வேலையை நான் தினமும் செய்துகொண்டுதான் இருந்தேன். காரணம் தெரிந்தது வகுப்புக்குப் போன பிறகு. இதே பாடத்தை நூலகத்தில் கால் வைக்காமல் படித்த வகுப்புத் தோழர்களுக்கு 246 என்பது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் இன்னொரு எண். எனக்கு அது கவுண்டருக்கு வந்து ஏமாந்து போகும் மனிதர்.

நேரத்தைப் பற்றி: ஒரு பருவத்தில் இரண்டு தாள் எடுத்தால் வாரம் பத்து மணி நேரமாவது தனியாக வேண்டும். ஒப்படைப்புகள் வரும் வாரங்களில் அதற்கும் மேலே போகும்.

இரவுமேசை எழுதியது:

எல்லாரும் உற்சாகப்படுத்துவாங்க, நான் இன்னொரு பக்கத்தைச் சொல்றேன். ஒரு கல்வி நிறுவன நூலகத்துல இரவு நேரப் பொறுப்பு எனக்கு. வேலையோட சேர்த்துத்தான் பட்டத்தை முடிச்சேன். முடிச்ச அடுத்த மாசமும் அதே மேசை, அதே பதவிப் பெயர், அதே சம்பளம். "பட்டம் முடிச்சா பார்க்கலாம்"னு முன்னாடி வாய்மொழியா சொன்னதுக்கு எந்த மதிப்பும் இல்ல. சொன்னவர் மாறிப் போயிட்டார், புதுசா வந்தவருக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது.

பாடத்திட்டமும் எல்லா இடத்துலயும் நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது. எங்களுக்குப் பட்டியலாக்கத் தாள்ல முக்கால்வாசி 1978ல வந்த ஏஏசிஆர்2ங்கற பட்டியலாக்க விதிகள். அதுக்குப் பதிலா வந்த புது விதிகளான ஆர்டிஏ 2010லயே வந்தாச்சு. அதைக் கடைசி ரெண்டு வகுப்புல அவசரமா தொட்டுட்டுப் போனாங்க. ராத்திரி பதினொரு மணிக்கு அழுதுக்கிட்டு வந்து நிக்கிற ஆராய்ச்சி மாணவர்கிட்ட எப்படிப் பேசறதுன்னு ஒரு தாளும் சொல்லித் தரல.

மார்க் வடிவத்தை உருவாக்கின ஹென்ரியட் அவ்ராம் நூலகப் பட்டம் வாங்கினவர் இல்ல, கணினி நிரலாளர். பட்டம் இல்லாமலேயே உலகத்து நூலகங்களோட அடிப்படையை மாத்திக் காட்டினார். அதனால ஆசைக்காகப் படிக்கிறீங்கன்னா தாராளமா படிங்க. பதவிக்காகன்னா முதல்ல எழுத்துல வாங்குங்க.

பழைய_பட்டியலாளர் எழுதியது:

இரவுமேசை சொல்வதில் நியாயம் இருக்கிறது, குறிப்பாக எழுத்தில் வாங்குவது பற்றி. ஆனால் அவ்ராமைப் பற்றிச் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அவர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் சேர்ந்ததும் செய்த முதல் வேலை, பட்டியல் அட்டையில் உள்ள ஒவ்வொரு கூறும் எதற்காக இருக்கிறது என்று அக்கக்காக அலசியதுதான். பட்டியலாளர்களின் அறிவை முழுதாகக் கற்றுக்கொண்ட பிறகுதான் 1960களில் மார்க் பிறந்தது. பட்டம் இல்லை, சரி. படிப்பு இருந்தது.

"வேலையா, படிப்பா" என்ற இந்த வாக்குவாதம் நம் தொழிலில் நூறாண்டுகளுக்கும் மேல் பழையது. ஒரு காலத்தில் நூலகர் ஆவதற்கு ஒரே வழி, ஒரு நூலகரிடம் எடுபிடியாகச் சேர்ந்து பார்த்துப் பழகுவது. 1887இல் மெல்வில் டூயி நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் முதல் நூலகப் பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பில் இருபது பேர், அவர்களில் பதினேழு பேர் பெண்கள். பெண்களைச் சேர்த்ததில் நிர்வாகத்துக்கும் அவருக்கும் மோதல் வந்து, 1889இல் பள்ளி ஆல்பனிக்கு இடம் மாறியது. அந்தப் பள்ளியில் பாடமே வேலையாகத்தான் இருந்தது: அட்டை எழுதுவது, அடுக்குவது, கையெழுத்துப் பயிற்சி. பிறகு 1923இல் வில்லியம்சன் அறிக்கை வந்தது. எழுத்தர் வேலை வேறு, தொழில்முறை வேலை வேறு, இரண்டாவதற்கான பயிற்சி பல்கலைக்கழகத்தில் நடக்க வேண்டும் என்று அது சொன்னது. இன்று பட்டம் உள்ளவர், இல்லாதவர் என்று நாம் பிரிந்து கிடப்பதன் வேர் அதில் இருக்கிறது. அந்தப் பிரிவு தொழிலை உயர்த்தியது, மறுக்கவில்லை. ஆனால் அடுக்கைத் தொடாமலே நூலகர் ஆகலாம் என்ற நிலையும் அதோடு சேர்ந்தே வந்தது.

ரங்கநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். கணிதப் பேராசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். முதலில் அந்த வேலை பிடிக்கவே இல்லை. அதே ஆண்டில் பயிற்சிக்காக லண்டன் போனார். யூனிவர்சிட்டி காலேஜில் இருந்த நூலகப் பள்ளியில் அவருக்கு வகைப்பாடு நடத்திய பெர்விக் சேயர்ஸ், குரோய்டன் பொது நூலகத்தின் தலைவரும் ஆவார். வகுப்பில் கேட்டதை அந்த நூலகத்திலேயே நேரில் பார்க்க ரங்கநாதனுக்கு வாய்த்தது. பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். ஏற்கெனவே கையில் ஒரு நூலகம் இருந்ததால், பார்த்த ஒவ்வொன்றையும் தன் நூலகத்தோடு ஒப்பிட முடிந்தது. 1925இல் திரும்பி வந்தார். நூலக அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வந்தன, நூல்களை வகைப்படுத்த அவர் உருவாக்கிய கோலன் பகுப்புமுறை 1933இல். வேலை முதலில், படிப்பு பின்னால், மறுபடி வேலை. நூலடுக்கு, நீங்கள் போகப் போவதும் அந்த வழிதான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. படிப்பு முடியும்வரை நூல் வழங்கும் மேசையிலேயே இருந்தீர்களானால் பாதிதான் கிடைக்கும். பட்டியலாக்கத் தாள் படிக்கும் பருவத்தில் பட்டியலாக்கப் பிரிவில் உட்கார வேண்டும். நூல் தேர்வு படிக்கும்போது கொள்முதல் கோப்புகளைப் பார்க்க வேண்டும். பருவ இதழ்ப் பிரிவில் சில வாரமாவது இருக்க வேண்டும். இடமாற்றம் கேட்கச் சொல்லவில்லை, வாரத்தில் சில மணி நேரம் போதும். பணியில் இருந்துகொண்டு பட்டம் வாங்கிய பலரைப் பார்த்திருக்கிறேன். படிப்பு ஒரு பக்கமும் வேலை ஒரு பக்கமுமாக ஒன்றையொன்று தொடாமலே ஓடி முடிந்தவர்கள்தான் "ஒன்றும் கிடைக்கவில்லை" என்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் மேல் தவறில்லை. பிரிவு மாற்றிக் கொடுக்க யாரும் முன்வரவில்லை, கேட்கலாம் என்றும் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நூலடுக்கு எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் எங்களுக்கு ஆள் பற்றாக்குறை. நான் மேசையை விட்டு எழுந்தால் அந்த இடத்தில் வேறொருவர் நிற்க வேண்டும். "இவர் படிக்கிறார் என்பதற்காக நாங்கள் சுமக்க வேண்டுமா" என்று நினைக்க மாட்டார்களா? எப்படிக் கேட்பது?

குழந்தைகள்_பிரிவு எழுதியது:

நினைப்பார்கள். அதனால் வெறுங்கையோடு போய்க் கேட்காதீர்கள். யாருக்கும் பிடிக்காத ஒரு வேலையை நீங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

நான் அப்படித்தான் செய்தேன். ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு என்றால் எங்கள் இடத்தில் எல்லோரும் ஓடி ஒளிவார்கள். தூசி, ஏணி, சேர்க்கைப் பதிவேட்டோடு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுவது. குழந்தைகள் பிரிவு முழுவதையும் நானே பார்க்கிறேன், பதிலுக்குக் காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பட்டியலாக்கப் பிரிவில் உட்கார விடுங்கள் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சரிபார்ப்பே எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது. எந்தப் புத்தகம் எத்தனை ஆண்டாக அசையவில்லை, எது மூன்று பிரதி இருந்தும் போதவில்லை, எது தப்பான இடத்தில் கிடந்து தொலைந்ததாகக் கணக்கானது என்பதெல்லாம் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன்.

தலைமை நூலகரிடம் பேசும்போது "படிக்க நேரம் வேண்டும்" என்று தொடங்க வேண்டாம். "பட்டியலாக்கத்தில் வேலை தேங்கிக் கிடக்கிறது, நான் கற்றுக்கொண்டு உதவுகிறேன்" என்று தொடங்குங்கள். இரண்டும் உண்மைதான். இரண்டாவது அவருக்கும் பயன்படும் உண்மை.

இன்னொன்று. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், முதல் பருவத்தில் விதி அனுமதிக்கும் குறைந்தபட்சத் தாள்களை மட்டும் எடுங்கள். காலம் நீண்டால் நீளட்டும். எல்லாத் தாளையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டுப் பாதியில் விட்டுப்போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும். எல்லோருமே நல்ல பணியாளர்கள்.

மக்களிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு தாளும் சொல்லித் தரவில்லை என்று இரவுமேசை எழுதியிருந்தார். எனக்கு அமைந்தது வேறு மாதிரி. நோக்கீட்டுப் பணித் தாளில் ராபர்ட் டெய்லர் 1968இல் எழுதிய கட்டுரை இருந்தது. ஒரு மனிதரின் தகவல் தேவை நான்கு நிலைகளில் இருக்கும் என்கிறார். முதலில் சொல்லத் தெரியாத ஒரு குறை. பிறகு மனத்துக்குள் மங்கலாக ஒரு உருவம். பிறகு வார்த்தையில் சொல்லக்கூடிய கேள்வி. கடைசியாக, நூலகத்தில் எது கிடைக்கும் என்று தானே ஊகித்து, அதற்கேற்ப மாற்றி நம்மிடம் கேட்கும் கேள்வி. நம் காதில் விழுவது இந்த நான்காவதுதான். ஒரு குழந்தை வந்து மீன் புத்தகம் கேட்கும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்புமுறையில் மீன்களுக்கான 597 அடுக்கைக் காட்டிவிட்டால் வேலை முடிந்துவிடும். "மீனைப் பத்தி என்ன தெரிஞ்சுக்கணும், கண்ணு?" என்று கேட்டால், திமிங்கலத்தைப் பற்றிப் பள்ளியில் பேசச் சொன்னார்கள் என்று வரும். அது பாலூட்டி, அதன் அடுக்கு 599.5. இந்தக் கட்டுரையைப் படித்த பிறகு எந்தக் கேள்வியையும் முதல் வார்த்தையோடு நான் விட்டதில்லை.

தரவுக்கிளி எழுதியது:

நான் நூலக மென்பொருள் பக்கம் இருப்பவன். பழைய_பட்டியலாளர் ஐயா சொன்ன பிரிவு மாற்றம் கிடைக்காவிட்டாலும் ஓரளவு ஈடுகட்ட வழி இருக்கிறது.

கோஹாவை உங்கள் சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த மென்பொருள் அது. திறந்த மூலம், இலவசம். வேலையிடத்து மென்பொருளில் பணியாளர் கணக்கால் தொட முடியாத இடங்கள் நிறைய இருக்கும். சொந்தக் கோஹாவில் நீங்களே நிர்வாகி. வழங்கல் விதிகளை எழுதிப் பாருங்கள், உறுப்பினர் வகைகளை அமைத்துப் பாருங்கள், இசட்39.50 (ஒரு நூலகத்தின் பதிவுகளை இன்னொரு கணினியிலிருந்து தேடி எடுக்கும் நெறிமுறை) வழியாகக் காங்கிரஸ் நூலகத்தின் பதிவுகளை இழுத்துப் பாருங்கள், திருத்துங்கள், கெடுத்துப் பாருங்கள், மறுபடி நிறுவுங்கள். யாருடைய வேலையும் நிற்காது.

தமிழ்ப் பதிவுகளை இழுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல பதிவுகளில் தலைப்பு ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் 245இல் இருக்கும். தமிழ் எழுத்து வடிவம் இருந்தால் 880 புலத்தில் இருக்கும், இல்லாமலும் போகும். தமிழில் தட்டச்சு செய்து தேடும் வாசகருக்கு அந்தப் புத்தகம் ஏன் அகப்படவில்லை என்பது இந்த ஒரு புலத்தில் அடங்கியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் 880 ஒரு வரியில் முடிந்துவிடும், தமிழ் நூலகத்தில் வேலை செய்பவருக்கு அது ஒரு ஆண்டு வேலை.

அடுத்து, ஒப்படைப்புகள். வேலையில் இருப்பவருக்கு உள்ள பெரிய வசதி, உண்மையான தரவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. ரிச்சர்ட் ட்ரூஸ்வெல் 1969இல் சொன்ன எண்பது-இருபது விதியைப் படித்திருப்பீர்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் படிப்பீர்கள். வழங்கலில் ஏறத்தாழ 80 விழுக்காடு, இருப்பில் 20 விழுக்காட்டுப் புத்தகங்களிலிருந்தே வருகிறது என்பது அது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் நடந்த ஆய்வில், 1969இல் வாங்கிய நூல்களில் கிட்டத்தட்ட 40 விழுக்காடு 1975வரை ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று தெரிந்தது. உங்கள் நூலகத்தின் வழங்கல் அறிக்கையை எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். முழுநேர மாணவர்கள் எங்கிருந்தோ மாதிரித் தரவு எடுத்து எழுதுவார்கள். உங்களிடம் நீங்கள் கையால் கொடுத்து வாங்கிய புத்தகங்களின் கணக்கே இருக்கிறது.

ஆனால் எச்சரிக்கையோடு. யார் எதைப் படித்தார் என்பது வாசகரின் அந்தரங்கம். ஒப்படைப்புக்கு எடுக்கும் அறிக்கையில் உறுப்பினர் எண், பெயர், வயது எதுவும் வரக்கூடாது. நூலின் சேர்க்கை எண், வகுப்பு எண், வழங்கிய தேதி, இது போதும். தலைமை நூலகரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அபூர்வமான ஒரு புத்தகத்தை ஒரே ஒருவர்தான் எடுத்திருப்பார், தேதியைப் பார்த்தாலே மேசையில் இருப்பவருக்கு அவர் யாரென்று தெரிந்துவிடும். தேதியை மாதமாகச் சுருக்கிக்கொள்வது நல்லது. இதில் நான் கண்டிப்பானவன். வாசகர் நம்மை நம்பித்தான் அந்தப் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

இரவுமேசை எழுதியது:

தரவுக்கிளி சொன்ன கடைசி பத்தியை எல்லா நூலகத்துச் சுவர்லயும் ஒட்டணும்.

டெய்லர் கட்டுரை எங்க பாடத்திட்டத்துல இல்ல. தேடிப் படிக்கிறேன், நன்றி அக்கா.

பழைய_பட்டியலாளர் ஐயா சொன்னது என் விஷயத்துல அப்படியே பொருந்துது. இரவு வேலைல இருந்ததால எந்தப் பிரிவும் திறந்திருக்காது. நான் வர்ற நேரத்துக்குப் பட்டியலாளர்கள் கிளம்பிடுவாங்க. படிச்சதுக்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தமே இல்லாம போச்சு. இரவு வேலை பார்க்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, சேர்றதுக்கு முன்னாடி ஒரு பருவத்துக்காவது பகல் வேலை கேட்டுப் பாருங்க.

எழுத்துல வாங்குற விஷயத்தை மட்டும் நான் விட மாட்டேன். அதோட அங்கீகாரம். வட அமெரிக்கால பெரும்பாலான நூலகர் பதவிக்கு ஏஎல்ஏ (அமெரிக்க நூலகச் சங்கம்) அங்கீகாரம் பெற்ற முதுகலைப் பட்டம் கேக்கறாங்க. பிரிட்டன்ல சிலிப்ங்கற நூலகர்கள் அமைப்பு படிப்புகளை அங்கீகரிக்குது. இந்தியால பொதுவா ஒரு பட்டத்துக்குப் பிறகு ஒரு வருஷ இளங்கலை, அப்புறம் ஒரு வருஷ முதுகலை, இல்லன்னா ரெண்டும் சேர்ந்த ரெண்டு வருஷப் படிப்பு. எந்த நாட்டுல எந்தப் பதவிக்குப் போகப் போறீங்களோ, அந்தப் பதவியோட பணி விதிகளை எடுத்து வச்சுக்கிட்டு, அதுல என்ன பட்டம் போட்டிருக்கு, தொலைநிலைல படிச்சா ஏத்துக்கறாங்களான்னு பார்த்துட்டுப் பணம் கட்டுங்க. கல்வி நிறுவனம் கொடுக்கிற விளம்பரத்தாள்ல இருக்கறதை நம்பி முடிவெடுக்காதீங்க.

மாலைவகுப்பு எழுதியது:

முழுநேரமாகப் படிப்பதைப் பற்றி நூலடுக்கு கேட்டதற்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். முழுநேரம் படித்தவர்களுக்குக் கிடைப்பது அகலம். பெரிய நூலகங்களுக்குப் போவார்கள், கருத்தரங்குகளுக்குப் போவார்கள், ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும், பின்னாளில் கைகொடுக்கும் நண்பர்கள் கிடைப்பார்கள். நமக்கு அதெல்லாம் குறைவு. வகுப்பு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இதை ஈடுகட்ட நான் செய்தது, மற்ற நூலகங்களில் வேலை செய்யும் வகுப்புத் தோழர்களோடு இடம் மாறிப் பார்த்தது. விடுமுறை நாளில் அவர் என் நூலகத்துக்கு வந்து ஒரு நாள் உட்காருவார், இன்னொரு நாள் நான் அவரிடம் போவேன். மருத்துவ நூலகம் ஒன்றை அப்படித்தான் உள்ளிருந்து பார்த்தேன். அங்கே புத்தகம் வழங்குவது சின்ன வேலை, தரவுத்தளத்தில் தேடித் தருவதுதான் பெரிய வேலை. நான் அதுவரை நூலகம் என்று நினைத்திருந்த படமே மாறிவிட்டது.

இன்னொரு விஷயம், படிக்கப் படிக்க வேலையிடத்தில் உள்ள எல்லாமே குறையாகத் தெரியத் தொடங்கும். அப்போது பொறுமை வேண்டும். நூல்களைக் கழிப்பது பற்றிப் படித்த பருவத்தில், எங்கள் இடத்தில் காலாவதியான கணினிப் புத்தகங்களும் பழைய சட்டத் தொகுப்புகளும் அடுக்கை அடைத்துக்கொண்டிருப்பதைக் குறிப்பிட்டு மூத்தவரிடம் பேசினேன். அவர் கோபப்படவில்லை. சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வைத்தார். அதில் ஏறிய ஒவ்வொரு நூலும் நிறுவனத்தின் சொத்து. கழிக்க ஒரு குழு பரிந்துரைக்க வேண்டும், ஒப்புதல் வர வேண்டும், தணிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் இருக்க வேண்டும். எதைக் கழிக்கலாம் என்று பாடம் சொல்லிக் கொடுத்தது. கழிப்பதற்கு எத்தனை கையெழுத்து வேண்டும் என்பதை அவர்தான் சொல்லிக் கொடுத்தார். இரண்டும் சேர்ந்த பிறகு ஒரு பட்டியல் தயாரித்தோம், குழு கூடியது, அடுக்கில் இடம் கிடைத்தது.

மூத்தவர்களிடம் "படிப்பில் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள்" என்று போகாமல், "இது ஏன் நம்மிடம் இப்படி இருக்கிறது" என்று கேட்டுக்கொண்டு போங்கள். பல வழக்கங்களுக்குப் பின்னால் உண்மையான காரணம் இருக்கும். சிலவற்றுக்கு இருக்காது, அதுவும் அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பழைய_பட்டியலாளர் எழுதியது:

மாலைவகுப்பு அருமையாகச் சொன்னீர்கள்.

வகைப்பாட்டுத் தாளுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். மேசையில் இருப்பவரால் இதைத் தினமும் செய்ய முடியும். திரும்பி வந்த புத்தகக் குவியலிலிருந்து சிலவற்றை எடுங்கள். முதுகு லேபிளைக் கையால் மறைத்துக்கொண்டு, உள்ளடக்கத்தையும் முன்னுரையையும் மட்டும் பார்த்து வகுப்பு எண் போடுங்கள். பிறகு கையை எடுத்து ஒப்பிடுங்கள். ஒத்துப்போனவற்றை விட்டுவிடலாம். மாறுபட்டவற்றில்தான் பாடம் இருக்கிறது.

கணிதம் கற்பிப்பது பற்றிய புத்தகம் என்று வையுங்கள். கணிதத்துக்கான 510 வரிசையில் 510.71 என்று போடத் தோன்றும். ஆனால் அது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பற்றியது என்றால் டூயி பகுப்புமுறையில் 372.7க்குப் போகும். ஒன்று கணிதத்தோடு நிற்கும், இன்னொன்று கல்வியோடு நிற்கும், நடுவில் எத்தனையோ அடுக்குகள். தேடி வரும் ஆசிரியர் எந்தப் பக்கம் போவார்? இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டால் ரங்கநாதனின் முகப்புப் பகுப்பாய்வு எதற்காக வந்தது என்பது தானாக விளங்கும். பொருளின் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பிறகு சேர்க்க வேண்டிய அவசியம் அங்கிருந்துதான் எழுகிறது. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று தேர்வுக்கு ஒப்பிக்கும் ஐந்து சொற்கள் அப்போது உயிர் பெறும்.

வகுப்பு எண் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் நீங்களே மாற்றிவிடாதீர்கள். லேபிள், பதிவு, அடுக்கு மூன்றும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். ஒன்று மாறி மற்றது மாறாவிட்டால் அந்தப் புத்தகம் இருந்தும் இல்லாததுதான். குறித்து வைத்துப் பட்டியலாளரிடம் கொடுங்கள்.

நூலடுக்கு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தலைமை நூலகரிடம் பேசினேன். குழந்தைகள்_பிரிவு அக்கா சொன்னபடியே, தேங்கிக் கிடக்கும் நன்கொடைப் புத்தகங்களை நான் பதிவேற்ற உதவுகிறேன் என்று தொடங்கினேன். வாரத்தில் இரண்டு காலை வேளை பட்டியலாக்கப் பிரிவில் உட்காரலாம், ஆனால் மேசைக்குக் கூட்டம் வந்தால் இறங்கி வர வேண்டும் என்றார். பதவி உயர்வு பற்றிக் கேட்டேன். அவரால் உறுதி கொடுக்க முடியாது, பணி விதிகளின் நகலைத் தருகிறேன் என்றார். அதில் உயர்பதவிக்கு நூலக அறிவியல் பட்டம் கட்டாயம் என்றும், பணியில் இருப்பவர்களுக்குத் தனி முன்னுரிமை இல்லை என்றும் இருக்கிறது. இரவுமேசை எச்சரித்திருக்காவிட்டால் இதை இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரிந்துகொண்டிருப்பேன். தெரிந்த பிறகும் சேர்வது என்றே முடிவு செய்துவிட்டேன்.

கடைசியாக ஒரு கேள்வி. இறுதிப் பருவத்தில் திட்ட ஆய்வு ஒன்று உண்டாம். எங்கள் நூலகத்தையே எடுத்துக்கொள்ளலாமா? "வாசகர் மனநிறைவு" என்று கருத்துக்கணிப்பு செய்யலாம் என்று யோசித்தேன்.

தரவுக்கிளி எழுதியது:

உங்கள் நூலகத்தை எடுங்கள், ஆனால் மனநிறைவுக் கருத்துக்கணிப்பு வேண்டாம். மேசையில் தினமும் பார்க்கும் உங்களிடம் வாசகர்கள் "நன்றாக இருக்கிறது" என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பதிலை வைத்து எதையும் மாற்ற முடியாது.

மாலைவகுப்பு முதலில் சொன்ன 246 கதையையே பெரிதாக்குங்கள். வாசகர்கள் கணினிப் பட்டியலில் தேடி, ஒரு முடிவும் வராமல் போன சொற்களைச் சேகரியுங்கள். ஒவ்வொன்றும் ஏன் வரவில்லை என்று வகை பிரித்துப் பாருங்கள். நூல் நம்மிடம் இல்லை என்பது ஒரு வகை, அது கொள்முதலுக்குப் போக வேண்டிய பட்டியல். நூல் இருக்கிறது, தலைப்பின் வேறு வடிவம் பதிவில் இல்லை. நூல் இருக்கிறது, பதிவு ரோமன் எழுத்தில் மட்டும் இருக்கிறது. ஆசிரியர் பெயரில் முன்னெழுத்து இடம் மாறியிருக்கிறது. சொல் சேர்த்து எழுதப்பட்டதா பிரித்து எழுதப்பட்டதா என்பதில் சிக்கல். ஒற்று மிகுந்ததும் மிகாததும். தமிழில் இந்த வகைகள் நிறைய வரும். ஒவ்வொரு வகையிலும் எத்தனை, எதைத் திருத்தினால் அதிகப் பேருக்குப் பயன் என்று கணக்கிட்டு, சில பதிவுகளைத் திருத்திவிட்டு அதே சொற்களை மறுபடி தேடிக் காட்டுங்கள். ஆய்வேடும் முடியும், பட்டியலும் சரியாகும், பட்டியலாக்கப் பிரிவில் உட்காரும் காலை வேளைகளுக்கு வேலையும் கிடைக்கும்.

ஒன்று மட்டும் இப்போதே கேட்டு வையுங்கள். சில மென்பொருட்களில் தேடல் பதிவுகள் தானாகச் சேமிக்கப்படாது, அமைப்பில் போய் இயக்கி வைக்க வேண்டும். உங்களிடம் எப்படி என்று பார்த்து, அனுமதி வாங்கி, உறுப்பினர் அடையாளம் சேராதபடி முதல் பருவத்திலேயே இயக்கச் சொல்லுங்கள். இறுதிப் பருவத்தில் கேட்டால் பின்னோக்கி எடுக்க வழியில்லை. மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் இங்கே எழுதினால், அந்த அமைப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிச் சொல்கிறேன்.